தயிர் தோய்க்க ஒரு கருவி தேவையா?

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்கள். இரு வேளையும் சேர்த்து உத்தேசமாகப் பதினான்கு லிட்டர் பால் கறக்கிறது. வீட்டுக்கென்று ஒரு லிட்டர் நிறுத்திக்கொண்டு மீதியைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றிவிடுகிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு வந்தபோது 'யோகர்ட் கிட்' என்று ஒரு பெட்டி வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். மின்சாரத்தில் இயங்கும் வட்டமான கருவி, அதனுள் ஏழு கண்ணாடிக் கிண்ணங்கள், கூடவே உறைப்பொடி நிரப்பிய சிறு பொட்டலங்கள் பத்து. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் விலையாம்.

முதல் இரண்டு தடவை கத்தியால் வெட்டி எடுக்கலாம் போலக் கெட்டியாக வந்திருக்கிறது. மூன்றாம் தடவை விடிய விடிய வைத்தும் பால் பாலாகவே இருந்துவிட்டதாம். அந்தச் சகோதரி இரண்டு கேள்விகள் கேட்கிறார். இந்தக் கருவியால் பிரயோசனம் உண்டா என்பது ஒன்று. அவருடைய மகளிர் குழுவில் ஆறு பேர் சேர்ந்து கடன் எடுத்து, இதேபோல் பத்துக் கருவிகள் வாங்கிக் கிண்ணத் தயிர் விற்கலாமா என்பது மற்றொன்று.

முதல் கேள்வி மட்டும் வந்திருந்தால் ஒரு தபால் கார்டில் பதில் எழுதி முடித்திருப்பேன். கடன் என்ற பேச்சு வந்துவிட்டபடியால் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமவெளியில் கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கருவி அவசியமில்லை. அதோடு வரும் உறைப்பொடி சிலருக்கு நல்ல உபயோகம். கடன் எடுத்துப் பத்துக் கருவி வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் அதில் உள்ளவை இரண்டே சங்கதிகள்தாம். ஒன்று, பாலை ஏறக்குறைய 42 முதல் 45 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் வைத்திருக்கும் ஓர் அடுப்பு. அடுப்பு என்றுகூடச் சொல்லக்கூடாது, இளஞ்சூட்டுத் தட்டு. மற்றொன்று, உறைய வைக்கும் நுண்ணுயிர்கள். பால் நம்முடையது. காய்ச்சுவதும் ஆற்றுவதும் நம் கையால்தான் நடக்க வேண்டும். கெட்டித் தயிருக்கு வேண்டிய வேலையில் பாதிக்கு மேல் கருவிக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது.

பால் தயிராவது எப்படி என்று பார்த்தால் இது விளங்கும். பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர்தான். மீதியுள்ளதில் கொழுப்பு, புரதம், பால் சர்க்கரை, உப்புகள் ஆகியவை அடங்கும். உறை நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. புளிப்பு ஏற ஏற, கேசின் என்ற பால் புரதம் ஒன்றோடொன்று பின்னி வலை போலாகித் தண்ணீரைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. இந்த வலை எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு கெட்டி. பாலை ஒரு கொதி வந்தவுடன் இறக்கிவிடாமல் சிறு தீயில் பத்து நிமிஷம் கிண்டிக் காய்ச்சினால், மோரில் பிரிந்து போகக்கூடிய மற்றப் புரதங்களும் சூட்டில் இளகி கேசினோடு ஒட்டிக்கொள்கின்றன. கொஞ்சம் தண்ணீரும் ஆவியாகிப் போகிறது. எருமைப் பால் தயிர் கெட்டியாக இருப்பதும், அளவுக்கு மேல் தண்ணீர் கலந்த பாலில் தயிர் நொளநொளவென்று போவதும் இதனால்தான். பசும்பால் தயிர் இன்னும் கெட்டியாக வேண்டும் என்றால் லிட்டருக்கு இருபது முப்பது கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் காய்ச்சும் முன்பே கரைத்துவிட்டால் போதும். தொழிற்சாலைகளிலும் இதுவே வழக்கம்.

அப்படியானால் இந்தக் கருவி எதற்காகத் தோன்றியது? யோகர்ட் என்பது பால்கன் நாடுகளிலும் துருக்கியிலும் பழகிவந்த உணவு. அதை உறைய வைக்கும் பாசில்லஸ் ஒன்றை 1905-ல் பல்கேரியாவைச் சேர்ந்த ஸ்டாமென் கிரிகோரவ் என்ற வைத்தியர் ஜெனிவாவில் படித்துக்கொண்டிருந்தபோது கண்டறிந்தார். லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸ் என்ற பெயரில் அவருடைய நாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குத் துணையாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் என்று இன்னொன்று உண்டு. இவ்விரண்டும் சேர்ந்து வேலை செய்தால்தான் சர்வதேச வரையறைப்படி அது யோகர்ட். இரண்டுக்கும் நல்ல சூடு வேண்டும். 42, 43 டிகிரியில் வைத்தால் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் பால் உறைந்துவிடும். ஐரோப்பாவில் சமையலறை பதினெட்டு இருபது டிகிரியில் கிடக்கும். அங்கே அந்தச் சூட்டை விடாமல் கொடுக்க ஒரு கருவி வேண்டியதுதான்.

நம் சமவெளியின் சீதோஷ்ணம் அப்படியா? வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் நமக்கு உள்ள தொல்லை சூடு போதாமல் அல்ல, சூடு மிஞ்சிப் போவதால். சித்திரை வைகாசியில் இரவு ஒன்பது மணிக்கு உறை ஊற்றிய பால் விடிவதற்குள் புளித்துத் தண்ணீர் விட்டுக்கொள்கிறது என்றுதான் நம் வீட்டுப் பெண்மணிகள் குறைப்படுகிறார்கள். கருவிக்குச் சூடேற்றத்தான் தெரியும். குளிரச் செய்யத் தெரியாது. தானாக நிற்கும் வசதி இல்லாத மலிவுக் கருவியை இரவு போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் புளித்த தயிர்தான் கிடைக்கும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. கடிதம் வந்த பிறகு நானும் ஒரு கருவியை வாங்கி வீட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரே பாலைக் காய்ச்சி 43 டிகிரிக்கு ஆற்றி மூன்றாகப் பிரித்தேன். ஒரு பங்கில் பொட்டலப் பொடியைக் கரைத்துக் கருவியில் வைத்தேன். இரண்டாவது பங்கில் அதே பொடியைக் கரைத்து, மூடிய எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மருந்துக் கடைக்கு மருந்து வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி அதனுள் வைத்துப் பழைய துண்டால் சுற்றி மூடினேன். மூன்றாவது பங்கை என் மனைவி தம் வழக்கப்படி கைப்பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, முந்தைய நாள் தயிரில் ஒரு கரண்டி விட்டுக் கல்சட்டியில் உறை ஊற்றினார். கருவியில் இருந்தது ஐந்தரை மணி நேரத்தில் உறைந்தது. தெர்மோகோல் பெட்டியில் இருந்தது ஏழு மணி நேரம் எடுத்துக்கொண்டது. குளிர வைத்து எடுத்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வீட்டில் யாராலும் முடியவில்லை. கல்சட்டித் தயிர் அவ்வளவு கெட்டியில்லை. ஆனால் சாதத்தில் பிசைந்து சாப்பிட எல்லோரும் அதைத்தான் எடுத்தார்கள்! (மின்சாரச் செலவைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை, இருபது வாட் கருவி எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது.)

கல்சட்டித் தயிரை எடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. நம் தயிரும் யோகர்ட்டும் ஒன்றல்ல. உறை ஊற்றுதல், புரை ஊற்றுதல், பிரை குத்துதல், தோய்த்தல் என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்லி நாம் செய்யும் தயிரில் லாக்டோகாக்கஸ் போன்ற மிதச்சூட்டு உயிர்களும் இன்னும் பலவும் கலந்திருக்கும். முப்பது டிகிரியை ஒட்டிய சூடு அவற்றுக்கு உகந்தது. தயிரின் மணம் அவற்றால் வருவது. ஒவ்வொரு வீட்டுத் தயிருக்கும் ஒரு ருசி இருப்பதும் அதனாலேயே. இந்த மிதச்சூட்டு உயிர்களைக் கருவிக்குள் 45 டிகிரியில் வைத்தால் அவை சோர்ந்துவிடும். ஆகவே கருவியை வாங்கி வைத்துக்கொண்டு அதில் வீட்டுத் தயிரையே உறை ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டுங்கெட்டானாக ஒன்றைத்தான் பெறுகிறார்கள். 2023 மார்ச் மாதத்தில் தயிர்ப் பொட்டலத்தின்மேல் 'தஹி' என்று அச்சிட வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னதும், தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிய எதிர்ப்பில் அதே மாதம் திருத்திக்கொண்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பெயருக்காக நாம் அவ்வளவு பேசினோம். உள்ளே இருக்கும் உயிர் வேறு என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

யோகர்ட்டில் சத்து அதிகமா என்று கேட்பார்கள். ஒரே பாலில் செய்தால் இரண்டிலும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஒன்றே. பால் குடித்தால் வயிறு உப்பிசம் கொள்கிறவர்களுக்கு உயிருள்ள யோகர்ட் எளிதில் ஜீரணமாகிறது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் பொடி வாங்குவது தகும். ஒரு பொட்டலத்தில் செய்த யோகர்ட்டிலிருந்தே ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவைக்கு உறை ஊற்றலாம். நாலைந்து தடவைக்கு மேல் அப்படிச் செய்தால் இரண்டு உயிர்களின் விகிதம் மாறிப்போகும், வீட்டுக் காற்றில் உள்ளவையும் புகுந்துவிடும். அப்போது புதுப் பொட்டலம் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிக்காத பொட்டலங்கள் உறைபெட்டியில் இருக்க வேண்டும். அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தால் அவை வெறும் பொடிதான்.

இனி, மூன்றாம் தடவை உறையாமல் போன பாலுக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். கருவி பழுது என்று எண்ணி விற்றவர்களோடு மகன் சண்டை போட்டிருக்கிறார். அந்த அம்மையாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தேன். பொடியைக் கொதிக்கும் பாலில் போட்டீர்களா, பாத்திரத்தில் சோப்புத் தூள் மிச்சம் இருந்ததா, மின்சாரம் நின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. கடைசியாக, மாட்டுக்கு ஏதாவது வைத்தியம் நடந்ததா என்றேன். "ஆமாங்க சார், மூத்த மாட்டுக்கு ஒரு காம்பு வீங்கியிருந்துச்சுங்க. டாக்டர் வந்து காம்புக்குள்ளே மருந்து ஏத்தினாருங்க" என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. மடிநோய்க்குக் காம்பின் வழியாகச் செலுத்தும் மருந்துகளில் பென்சிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் உண்டு. அவை நோய்க் கிருமியை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. பாலில் கலந்து வரும் மிகச் சிறிய அளவே யோகர்ட் உயிர்களை, முக்கியமாகத் தெர்மோபிலஸை, எழவிடாமல் செய்துவிடும். பாலைக் காய்ச்சுவதால் இந்த மருந்து முழுவதும் போய்விடாது. ஒரே காம்புக்குத்தானே மருந்து என்று மற்ற மூன்று காம்புப் பாலை எடுத்துக்கொள்வதும் தவறு. மருந்து இரத்தத்தில் கலந்து நான்கிலும் வரும். டாக்டர் சொல்லும் நாள் வரைக்கும், மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கால அளவு வரைக்கும், அந்த மாட்டின் பால் முழுவதையும் ஒதுக்கத்தான் வேண்டும்.

"அந்தப் பாலை வேறு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். சற்று நேரம் பதிலில்லை. பிறகு, சங்கத்துக்கு ஊற்றியதாகச் சொன்னார். டாக்டர் அவசரத்தில் சொல்லவில்லையா, சொல்லியும் இவர் மனதில் ஏறவில்லையா என்று நான் கிளறவில்லை. பதினைந்து நாள் பணப் பட்டுவாடாவில் ஒரு மாட்டின் பால் குறைந்தால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சங்கத்தில் லாக்டோமீட்டர் போட்டாலும் கொழுப்புச் சத்து பார்த்தாலும் இந்த மருந்து தெரியாது. அந்தக் கேனிலிருந்து பால் எத்தனை குழந்தைகளின் தம்ளருக்குப் போகும் என்று நாம்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். கருவி பழுதில்லை. சொல்லப்போனால், அந்த ஒரு நாளில் அது சோதனைச் சாலையின் வேலையைச் செய்திருக்கிறது. கல்சட்டியில் உறை ஊற்றியிருந்தாலும் இதே செய்தி கிடைத்திருக்கும். நல்ல உறை ஊற்றியும் பால் உறையவில்லை என்றால், உறையைக் குறை சொல்லும் முன் மாட்டுக்குப் போட்ட ஊசியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

குழுவின் கடன் விஷயம் அடுத்தது. பத்துக் கருவி என்றால் எழுபது கிண்ணம். ஏறக்குறைய பத்து லிட்டர் பால். இதையே ஒரு பத்து லிட்டர் எவர்சில்வர் பாத்திரம், ஒரு வெப்பமானி, இரண்டு தெர்மோகோல் பெட்டி ஆகியவற்றைக் கொண்டு செய்துவிடலாம். கருவிகளுக்கு ஆகும் தொகையில் பாதிகூட ஆகாது. பாலைக் காய்ச்சி, 43 டிகிரிக்கு வந்ததும் பொடியைக் கரைத்து, மூடியுள்ள கிண்ணங்களில் ஊற்றிப் பெட்டியில் அடுக்கி மூடிவிட வேண்டியதுதான். விற்பனைக்குச் செய்கிறவர்கள் வீட்டுத் தயிரை உறை ஊற்றாமல் பொடியே வாங்க வேண்டும் என்பேன். இன்றைக்கு வாங்கியவர் நாளைக்கும் அதே ருசியை எதிர்பார்ப்பார். ஆறு வீட்டு உறைமோரில் ஆறு ருசி வந்தால் வியாபாரம் நிற்காது.

ஆனால் தயிர் வியாபாரத்தில் பணம் போகிற இடம் சூடு அல்ல, குளிர். உறைந்த தயிரை உடனே நான்கு ஐந்து டிகிரிக்குக் கொண்டுபோகாவிட்டால் அது மேலும் மேலும் புளித்துக்கொண்டே இருக்கும். எழுபது கிண்ணம் கொள்ளும் குளிர்சாதனப் பெட்டி, மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்ற ஏற்பாடு, கடைக்குக் கொண்டுபோகும்போது சூடேறாமல் காப்பது ஆகியவைதாம் பெரிய செலவு. இதில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு, பெருமைப்படத்தக்கதல்ல. பல வருஷங்களுக்கு முன் ஒரு பெண்கள் குழுவுக்குத் தயிர் தயாரிப்புத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தேன். சூடேற்றும் பெட்டி, கிண்ணம், மூடி, பால் விலை, கூலி எல்லாம் கணக்கில் இருந்தன. இரண்டு பள்ளிக்கூடங்களில் வாங்குவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தயிரும் நன்றாக வந்தது. ஆயுத பூஜையை ஒட்டிப் பள்ளிக்கூடம் சேர்ந்தாற்போல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அரைப் பரீட்சை விடுமுறை, பிறகு பொங்கல். மாடு விடுமுறை எடுத்துக்கொள்ளாது. பால் தினமும் வந்தது. மிஞ்சிய தயிர் முதலில் அக்கம்பக்கத்துக்கும் கடைசியில் மாட்டுத் தொட்டிக்கும் போயிற்று. நான் எழுதிய அறிக்கையில் விடுமுறை என்ற சொல்லே கிடையாது! அந்தப் பெண்கள் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடனை வேறு வேலை செய்து அடைத்தார்கள். சூடேற்றும் பெட்டி பரணில் ஏறியது.

ஆகவே தாராபுரத்துச் சகோதரிக்கு நான் எழுதியிருப்பது இதுதான். கடன் விண்ணப்பத்தை இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். ஏற்கனவே கையில் இருக்கும் ஒரு கருவியையும் இரண்டு தெர்மோகோல் பெட்டிகளையும் வைத்துத் தினமும் இருபது கிண்ணம் போடுங்கள். யார் வாங்குகிறார்கள், எத்தனை திரும்பி வருகிறது, எந்தக் கிழமையில் வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். மிஞ்சுவதைக் கடைந்து வெண்ணெயும் மோருமாக விற்க முடிகிறதா என்றும் பாருங்கள். பங்குனி சித்திரையில் மோருக்கு உள்ள கிராக்கி தயிருக்குக் கிடையாது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறு தொழிலுக்கான பதிவைச் செய்துகொள்ளாமல் விற்பனை தொடங்காதீர்கள். மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் பால் பொருள் பயிற்சி எப்போது என்று விசாரித்துப் போய்வாருங்கள். மருந்து போட்ட மாட்டின் பெயரையும் தேதியையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நோட்டு சரி என்று சொன்னால் குளிர்சாதனப் பெட்டிக்காகக் கடன் கேளுங்கள். அதற்கு வேண்டிய குறிப்பை நானே எழுதித் தருகிறேன். இம்முறை விடுமுறைகளையும் சேர்த்து.

வேறொரு வகைப் பெட்டியும் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் மூலம் நம் ஊர்களுக்கு வருகிறது. நியூசிலாந்தில் வழக்கத்தில் உள்ளது அது. பால் பவுடரும் உறை உயிரும் கலந்த பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து, கொதிநீர் ஊற்றிய பெரிய பிளாஸ்க் போன்ற பாத்திரத்தினுள் வைத்துவிட்டால் மின்சாரம் இல்லாமலே உறையும். பால் கிடைக்காத இடத்தில், தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைக்கு அது சௌகரியம்தான். தொழுவத்தில் மாட்டைக் கட்டி வைத்திருக்கிறவரிடம் அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவருவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. பிளாஸ்க்கை மட்டும் வைத்துக்கொண்டு நம் பாலையே அதில் ஊற்றலாம்.

மின்சாரக் கருவி யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மார்கழி தை மாதங்களில் உறை ஊற்றிய பால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் அசையாமல் கிடக்கும். கம்பளியில் சுற்றியும் அரிசிப் பானைக்குள் இறக்கியும் அங்குள்ளவர்கள் படும் பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். சோதனைக்காக நான் வாங்கிய கருவியைக் குன்னூரில் இருக்கும் என் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அங்கே அது தினந்தோறும் வேலை செய்கிறது. தெர்மோகோல் பெட்டி எங்களிடம் இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் எடுக்கிறோம்.